சித்திரப் பேராசான் நந்தலால் போஸ்

ஒருவன் ஒரு கலையில் சிறந்து விளங்குவானாயின், அது அவனுக்குக் கருவிலே அமைந்த திரு என்று கூறி அமைந்துவிடுதல் நம்மவரிற் பலர்க்கு வழக்கமாயிருக்கின்றது. அங்ஙனம் கூறுவதில் ஒரு வசதியும் உண்டு. கலையானது பிறப்பிலேயே வருவதாயின், அஃது இல்லாதார் அதற்காக முயல வேண்டுவதில்லையன்றோ? சித்திரக் கலையைப் பற்றி இவ்வெண்ணம் மிகுதியும் வேரூன்றி நிற்கின்றது. மனித உருவத்தை எழுதத் தொடங்கிய மாணவன், தான் எழுதிய கை மரக்கட்டை போலவும், நடப்பவன் நட்டு வைத்த கம்பம் போலவும் இருக்கக் கண்டு, தனக்கு அக்கலை வாராதென எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகின்றான். அவனுக்குத் தக்க விடையாக அமைந்துள்ளது வங்க நாட்டுச் சித்திரப் பேராசான் நந்தலால் போஸ் என்பாரது வாழ்க்கை. சித்திரம் என்பது நாள்தோறும் செய்யும் பழக்கத்தின் பயன் என்பதை அவர் தம் கையாலேயே மெய்ப்பித்துக் காட்டினார்.

நந்தலால் 1882-ம் வருஷம் டிசம்பர் மாதம் 3-ந் தேதி பீகார் மாகாணத்தில் மங்கேர் ஜில்லாவைச் சேர்ந்த கரக்பூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பூர்ணசந்திர போஸ் தர்பங்கா ஜமீனில் உத்தியோகம் வகித்தவர். தாயார் க்ஷேத்ரமணி தேவி பொம்மைகள் செய்வதில் கைத்திறன் வாய்ந்தவர். இளமையில் நந்தலாலுக்கு அமைந்த சித்திரப் பள்ளிக்கூடம் அவ்வூரின் தெருக்களே. குயவர் சக்கரத்தைச் சுழற்றுவதையும், பொம்மை செய்வோர் களிமண்ணைப் பிசைந்து கையும் காலும் முகமும் ஆக்குவதையும் அவர் நெடுநேரம் நின்று பார்ப்பதுண்டு. திருவிழாக் காலங்களில் பூஜைப் பந்தல்களை அலங்கரிப்பதிலும் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது.

1898-ம் வருஷத்தில், பதினைந்தாம் வயதில், அவர் உயர்தரக் கல்வியின் பொருட்டுக் கல்கத்தாவுக்கு அனுப்பப்பெற்றார். 1902-ல் பள்ளிப் படிப்பை முடித்தார். 1903-ல் சுதீரா தேவியாரை மணந்தார். அதன்பின் தொடங்கியது அவரது சோதனைக் காலம். கல்லூரிப் பாடங்களில் மனம் செல்லவில்லை; பரீக்ஷைகளில் மீண்டும் மீண்டும் தவறினார். குடும்பத்தார் விருப்பப்படி 1905-ல் பிரஸிடென்ஸி கல்லூரியில் வர்த்தகப் பாடம் பயிலச் சேர்ந்தார். அங்கும் வெற்றி கிட்டவில்லை. மணமான இளைஞன், சம்பாத்தியம் இல்லை, கற்ற கல்விக்குச் சான்றுப் பத்திரமும் இல்லை. அக்காலத்தில் சித்திரத்தை நம்பிக் குடித்தனம் நடத்தலாமென்று எண்ணுவோர் மிகச் சிலரே. ஆயினும் அவர் உற்றாரிடம் பன்முறை வேண்டி, கல்கத்தா அரசாங்கச் சித்திரப் பள்ளியிற் சேருவதற்கு அனுமதி பெற்றார். இவ்விடத்தில் தவறியிருப்பாராயின் அவர்க்குப் பின்வாங்க வேறு இடம் இருந்திராது.

அந்நாளில் அப்பள்ளியின் தலைவராக இருந்தவர் ஹேவல் என்னும் ஆங்கிலேயர். இவர் 1884-ம் வருஷத்தில் நம் சென்னைச் சித்திரப் பள்ளிக்குத் தலைவராக வந்து, தென்னாட்டுக் கைத்தொழில்களின் அருமையை நேரிற் கண்டவர். 1896-ல் கல்கத்தாப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். மேனாட்டுச் சிலைகளின் சுண்ண வார்ப்புக்களைப் பார்த்துப் பார்த்து எழுதுவதே கல்வி என்றிருந்த முறையை மாற்றி, இந்தியச் சித்திரங்களையும் சிற்பங்களையும் மாணவர் முன் வைத்தார். அவருக்குத் துணை நின்றவர் அவனீந்திரநாத தாகூர். நந்தலால் அவனீந்திரரின் முதல் மாணாக்கருள் ஒருவராயினார்.

நம் நாட்டுப் பண்டைச் சித்திர நூலோர் ஓவியத்துக்கு ஆறு அங்கங்கள் கூறினர். உருவங்களின் வேற்றுமையை அறிதல், அளவு, பாவம், அழகு சேர்த்தல், ஒப்புமை, வர்ணம் தீட்டும் முறை என்பன அவை. அவனீந்திரர் இவற்றைப் பெரிதும் போற்றி விளக்கியவர். இவற்றுள் முதல் மூன்றே உருவம் எழுதுவோனுக்கு அடிப்படை. கிழவன் குனிவதும் சிறுவன் குனிவதும் வெவ்வேறு என்று காண்பது உருவ வேற்றுமை. தோளுக்கும் முழங்கைக்கும் உள்ள நீளம் பிறழாமை அளவு. அக்குனிதல் களைப்பினாலோ வணக்கத்தினாலோ என்பது தோன்றச் செய்வது பாவம். தமிழ் நூலோர் மெய்ப்பாடு என்பது இதற்கு மிக நெருங்கியது.

நந்தலால் எழுதிய சிவனும் சதியும் என்னும் சித்திரம் கல்கத்தாவில் கீழ்நாட்டுக் கலைச் சங்கத்தாரின் பொருட்காட்சியில் 500 ரூபாய் பரிசு பெற்றது. அப்பொருளைக் கொண்டு அவர் நாட்டின் பழைய கலைத் தலங்களைக் காணப் புறப்பட்டார். பரிசும் பாராட்டும் வந்தபோது, பெற்ற பெயரை வைத்துக்கொண்டு அவ்வகைச் சித்திரங்களையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருத்தல் எளிது. அவ்வாறே அவர் காலத்தவரிற் பலர், கண்ணாற் காணாத தேவரையும் அரசரையும் மங்கிய வர்ணங்களில் எழுதி, எலும்பும் தசையும் அற்ற உருவங்களில் நின்றுவிட்டனர். நந்தலாலை அவ்வழியினின்று காத்தவை இரண்டு: ஒன்று அஜந்தா, மற்றொன்று அவர் பையிலிருந்த சிறு அட்டைகள்.

அஜந்தா குகைகளிலுள்ள சுவர்ச் சித்திரங்களைப் பார்த்தெழுதும் பொருட்டு ஹெரிங்ஹாம் சீமாட்டி என்னும் ஆங்கில மாது இந்தியாவுக்கு வந்தார். அவருக்கு உதவியாக 1909-ம் வருஷ இறுதியில் சென்ற கல்கத்தா மாணவர்களுள் நந்தலாலும் ஒருவர். அதற்கு அவரை ஊக்கியவர் நிவேதிதா தேவியார். மங்கிய வெளிச்சத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கோடுகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து எழுதவேண்டிய வேலை அது. ஒரு கோட்டைப் பார்த்தெழுதுவதென்றால், அக்கோட்டை முதலில் எழுதியவன் எங்கே அழுத்தினான், எங்கே தளர்த்தினான், எங்கே திரும்பினான் என்பதைக் கை உணர வேண்டும். மலரைப் பற்றிய விரல்கள், சாய்ந்த கழுத்து, ஒரு காலில் பாரத்தை வைத்து மறுகாலைத் தளர விட்டு நிற்கும் நிலை ஆகிய இவற்றில் நிழலும் வெளிச்சமும் சிறிதாகவும், கோடே பெரிதாகவும் நின்று உயிர் தருவதை அவர் அங்கே கற்றார். பின்னர் 1921-ல் குவாலியர் சமஸ்தானத்திலிருந்த பாக் குகைச் சித்திரங்களையும் பார்த்தெழுதும் வாய்ப்புப் பெற்றார்.

1912-ம் வருஷத்தில் ஜப்பானியக் கலையறிஞர் ஒகாகுரா கல்கத்தாவுக்கு வந்திருந்தபோது, கலைஞனுக்கு மூன்று வேண்டுமென்று இளைஞர்க்கு உணர்த்தினார்: இயற்கையைக் காணல், முன்னோர் மரபை அறிதல், தனக்கென ஒரு புதுமை உடைமை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் கலை நொண்டும். மரபை அஜந்தா கொடுத்தது. புதுமை தானாக வரவேண்டியது. இயற்கையைக் காண்பதற்கோ வீட்டைவிட்டு வெளியே நடக்க வேண்டும். நந்தலால் நடந்தார், வாழ்நாள் முழுவதும் நடந்தார்.

1919-ல் கவி இரவீந்திரநாதர் சாந்திநிகேதனத்தில் கலாபவனம் என்னும் சித்திரக் கல்லூரியைத் தோற்றுவித்தார். 1920 முதல் நந்தலால் அங்கேயே நிலையாகத் தங்கினார். சில ஆண்டுகளில் அதன் தலைவராகி 1951 வரை அப்பொறுப்பை வகித்தார். செம்மண் மேடுகள், பனைமரங்கள், சந்தால் குடிகளின் ஊர்கள், வாரச் சந்தை ஆகியவை அவ்விடத்தைச் சூழ்ந்திருந்தன. தபால் அட்டை அளவான சிறு தாள்களை அவர் எப்போதும் உடன் கொண்டு செல்வார். தண்ணீர்க் குடம் சுமக்கும் பெண், மத்தளம் கொட்டுபவன், படுத்து அசை போடும் எருமை, ஆட்டின் பின் ஓடும் சிறுவன், காற்றில் வளையும் மூங்கில் ஆகிய எது கண்ணிற் பட்டாலும் சில கோடுகளில் அட்டையில் ஏறிவிடும். மாணவர்க்கும் நண்பர்க்கும் எழுதும் கடிதங்களும் சித்திரம் வரைந்த தபால் அட்டைகளாகவே சென்றன. ஒரு நாளில் ஓர் அட்டை சிறிய காரியமே. அது நாற்பது ஆண்டுகள் இடைவிடாது நடந்தமையால் ஆயிரக்கணக்காகப் பெருகியது. புது தில்லியிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தில் மட்டும் அவருடைய படைப்புகள் 6,000-க்கு மேற்பட்டவை சேர்ந்துள்ளன. அவற்றிற் பெரும்பகுதி இத்தகைய சிறு சித்திரங்களே.

இவ்வட்டைகளிற் காணப்படும் முறையைச் சிறிது ஆராய்தல் பயிலுவோர்க்குப் பயன் தரும். இயங்குகின்ற மனிதன் நமக்காக நிற்க மாட்டான். அவன் கண்ணையும் மூக்கையும் முதலில் எழுதத் தொடங்கினால், மூக்கு முடிவதற்குள் அவன் வீதியின் கோடியைக் கடந்துவிடுவான். ஆகவே உடம்பு முழுவதும் எவ்வழி சாய்கின்றது, பாரம் எக்காலில் விழுகின்றது, முதுகும் தோளும் எவ்வாறு வளைகின்றன என்னும் ஒரு முதன்மையான ஓட்டத்தைக் கண் முதலிற் பற்றவேண்டும். அதனை ஓரிரு கோடுகளில் இட்ட பின்னரே கை, கால், தலை என்பன தத்தம் இடத்தில் வந்து சேரும்; ஆடையின் மடிப்பும் முகக்குறியும் இறுதியில் வருவன. மையையும் தூரிகையையும் கொண்டு எழுதும்போது அழித்தெழுதுதற்கு இடமில்லை. ஆதலால் கோடிடுமுன் பார்க்கும் பழக்கம் தானே உண்டாகின்றது. பிழைத்தால் அதனைத் திருத்திக்கொண்டிராது அடுத்த அட்டையை எடுப்பதே முறை.

மாணவர்க்கும் அவர் இவ்வழியையே காட்டினார். மூடிய அறையில் ஒருவரை நெடுநேரம் அசையாது உட்கார வைத்து எழுதும் மேனாட்டு முறையைக் கலாபவனத்தின் அடிப்படையாக அவர் கொள்ளவில்லை. மாணவரை வயல்வெளிக்கும் சந்தைக்கும் அனுப்பினார். ஆண்டுதோறும் அவர்களுடன் யாத்திரை சென்று கூடாரமடித்துத் தங்கி, தாமும் அவர்கள் நடுவே அமர்ந்து எழுதினார். உடலின் எலும்பமைப்பை அறியவேண்டியதில்லை என்று அவர் கூறினாரல்லர். எலும்பும் தசையும் இயக்கத்திற்காக உள்ளவை என்பதை மறவாது கற்கவேண்டும் என்பதே அவர் கருத்து. மரத்தை எழுதும்போது உச்சியினின்று கீழ்நோக்கிக் கோடிடுதல் தகாது. மரம் வேரினின்று மேல்நோக்கி வளர்வது போலவே தூரிகையும் அடியினின்று மேலே செல்லவேண்டும் என்று அவர் கற்பித்ததைப் பின்னாளில் திரைப்படத்தில் உலகப் புகழ்பெற்ற சத்யஜித் ராய் நினைவு கூர்ந்துள்ளார். ராய் 1940-ல் கலாபவனத்திற் சேர்ந்தவர். பினோத் பிஹாரி முகர்ஜி, சிற்பி ராம்கிங்கர் பைஜ் ஆகியோரும் நந்தலாலின் மாணாக்கரே.

அம்மாணாக்கருள் நமக்கு அணுக்கமானவர் ஒருவரையும் இங்கே குறிப்பிடுதல் வேண்டும். கேரளத்துக் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்தில் 1924-ல் பிறந்த கே. ஜி. சுப்பிரமணியன், சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்று வந்தார். 1942-ம் வருஷ இயக்கத்தில் சிறை சென்றமையால் அரசாங்கக் கல்லூரிகளின் கதவு அவருக்கு அடைக்கப்பட்டது. 1944-ல் அவர் சாந்திநிகேதனம் சென்று நந்தலாலிடம் பயின்றார். பின்னர் தாமும் பேராசிரியராகிப் பல தலைமுறையினரைப் பயிற்றி 2016-ல் காலமானார். வர்த்தகப் பரீக்ஷையில் தவறிய ஆசிரியர், பொருளாதாரத்தைப் பாதியில் விட்ட மாணவர் ஆகிய இருவரும் சேர்ந்த இடம் அக்கலாபவனம்.

1924-ல் நந்தலால் இரவீந்திரருடன் சீனத்துக்கும் ஜப்பானுக்கும் சென்றார். தூரிகையின் ஒரே வீச்சில் மூங்கிலையும் நாரையையும் எழுதும் அந்நாட்டார் பயிற்சியை நேரிற் கண்டார். ஜப்பானில் ஹொகுஸாய் என்னும் சித்திரக்காரர் மல்லர், தச்சர், நடனமாடுவோர் முதலியோரின் ஆயிரக்கணக்கான நிலைகளை எழுதி, 1814-ம் ஆண்டு முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டதும், தொண்ணூறு வயதை அணுகும் வரையில் எழுதுவதை விடாததும் கலையுலகம் அறிந்தவை. தேசம் வேறாயினும் பயிற்சியின் வழி ஒன்றே.

இப்பயிற்சியின் வன்மை முழுதும் ஒருங்கே விளங்கிய சமயங்கள் மூன்று. முதலாவது 1930-ம் வருஷம். காந்தியடிகள் உப்புச் சத்தியாக்கிரகத்தின் பொருட்டுத் தண்டி நோக்கி நடந்தார். நந்தலால் அதனை லினோலியம் பலகையில் செதுக்கி அச்சிட்டார். கரிய பின்னணியில், கோலூன்றி நடக்கும் ஓர் உருவத்தின் வெண்ணிறக் கோடுகள், அவ்வளவே. பின்னே வரும் கூட்டமும் இல்லை, கடலும் இல்லை. ஆயினும் முன்னே சாய்ந்த உடலிலும், ஊன்றிய கோலிலும், எடுத்து வைத்த அடியிலும் அந்நடையின் உறுதி முழுவதும் அடங்கிவிட்டது. வழிப்போக்கர் ஆயிரவரின் நடையை எழுதிப் பழகாத கைக்கு அவ்வொரு நடை வசப்பட்டிராது.

இரண்டாவது 1938-ம் வருஷம். அவ்வாண்டு காங்கிரஸ் மகாசபை குஜராத்தில் ஹரிபுரா என்னும் கிராமத்திற் கூடியது. கிராமத்தார் கண்டு மகிழும்படி அதனை அலங்கரித்தல் வேண்டுமென்று காந்தியடிகள் நந்தலாலை வேண்டினார். அவர் அக்கிராமத்தாரையும் அவர்தம் தொழில்களையும் முதலிற் பார்த்தெழுதிக்கொண்டார். பின்பு கையாற் செய்த காகிதத்தில், எளிய வர்ணங்களைக் கொண்டு, குறுகிய காலத்தில் எண்பதுக்கு மேற்பட்ட சித்திரங்களைத் தாமே எழுதினார். அவற்றைப் பார்த்து மாணவரும் எழுத, மொத்தம் ஏறக்குறைய 400 ஆயின. உழவர், தச்சர், செருப்புத் தைப்போர், முழவு கொட்டுவோர், நெல் குற்றும் மகளிர் என நாட்டின் உழைப்பாளர் யாவரும் அங்கே நின்றனர். அத்துணை விரைவில் அத்துணை உருவங்கள் எவ்வாறு பிறந்தன என்று வியப்போர், அதற்கு முன்னர்க் கழிந்த முப்பது ஆண்டுகளையும் அதே கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

மூன்றாவது, இந்திய அரசியலமைப்பின் கையெழுத்துப் பிரதி. 1950-ம் வருஷம் ஜனவரி மாதம் 24-ந் தேதி சபையினர் கையொப்பமிட்ட அப்பிரதிக்கு நந்தலாலும் அவர் மாணாக்கரும் 22 சித்திரங்களை அமைத்தனர். அசோகரின் சிங்கத் தூணை எழுதும் பொறுப்புத் தீனநாத பார்கவர் என்னும் இளம் மாணவருக்கு வந்தது. கல்லிலுள்ள சிங்கத்தை எழுதுமுன் உயிருள்ள சிங்கத்தின் நிலையையும் அசைவையும் காணும்பொருட்டு, அவர் கல்கத்தா மிருகக்காட்சிச் சாலைக்குப் பன்முறை சென்று வந்தார் என்று கூறுவர். அச்சித்திரங்களுள் தில்லைக் கூத்தனின் உருவமும் உண்டு. மாமல்லபுரத்துப் பாறையில் பல்லவர் செதுக்கிய தவக் காட்சியும் உண்டு. ஒற்றைக் காலூன்றிக் கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி நிற்கும் அத்தவசியின் உருவம், நாட்டின் அடிப்படைச் சட்டத்தின் ஏடொன்றில் இன்றும் விளங்குகின்றது.

1954-ல் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மவிபூஷண் விருது அளித்தது. விருது வந்த பின்னும் அட்டையும் மையும் அவரைவிட்டு நீங்கவில்லை. முதுமையிற் பெரிய சுவர்ச் சித்திரங்களுக்கு உடல் இடந்தராதபோது, மையொன்றைக் கொண்டே மலையையும் மரத்தையும் மாக்களையும் எழுதி வந்தார். 1966-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 16-ந் தேதி, எண்பத்து மூன்றாம் வயதில், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

மாணவ நண்பர்களே! இவ்வரலாறு வங்கத்தாருக்கு மட்டும் உரியதன்று. நம்முள் உத்திரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வருவோர் உளர். அவ்வூரின் பேரேரி நிறைந்தபின் நாற்று நடும் மகளிர் வரிசையாகக் குனிந்து நிற்கும் நிலையும், கதிர்க்கட்டைத் தலையில் ஏற்றுபவன் முழங்காலை மடக்கி நிமிர்வதும், காஞ்சியில் பட்டு நெசவு செய்வோன் தறிக் குழியில் காலை அழுத்திக் கையால் நாடாவைச் செலுத்துவதும் நாம் நாள்தோறும் காண்பவை. நடுபவளை எழுதக் கருதுவோன் அவள் சேலையின் கரையை முதலில் நோக்குதல் வேண்டா. இடுப்பிலிருந்து தோள் வரை செல்லும் வளைவை ஒரே கோட்டில் இடுக. வரிசையிற் பத்துப்பேர் இருப்பின் பத்து வளைவுகள். பத்தும் ஒன்றுபோல் இரா. அவ்வேற்றுமையைக் காண்பதே பாடம். இயங்குவோரைப் பற்ற இயலாத தொடக்கத்தில், சுந்தரவரதப் பெருமாள் கோயிலிலும் கச்சிக் கைலாசநாதர் கோயிலிலும் அசையாது நிற்கும் உருவங்களை எழுதி, இடுப்பு ஒருபுறமும் தோள் மறுபுறமும் சாய்ந்து உடல் எவ்வாறு சமனாகின்றது என்பதை அறியலாம். பின்னர் வீதிக்கு வந்து, அதே சமநிலையைக் குடம் சுமப்போளிடத்திற் காணலாம். நந்தலால் அஜந்தாவுக்கும் சந்தைக்கும் மாறிமாறிச் சென்றதன் பொருள் இதுவே.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. சட்டைப்பையில் அடங்கும் தாள்கள் சில, மைக்கோல் ஒன்று, நாள்தோறும் பத்து நிமிஷம் போதும். ஆனால் பத்து நிமிஷமும் வேறு நினைவின்றிப் பார்த்தல் வேண்டும்; எழுதிய தாளில் தேதியைக் குறித்துவைத்து, மாதமொரு முறை எடுத்து வரிசையாகப் பரப்பி நோக்குதல் வேண்டும். முதல் மாதத்து உருவங்கள் கோணலாகவே இருக்கும். அக்கோணல், கண் காணத் தொடங்கிவிட்டது என்பதற்கு அறிகுறியே. ஏனெனில் முன்னர் அதனைக் கோணலென்றும் நாம் உணர்ந்திலோம். மூன்றாம் மாதத்தில் கை கண்ணை அணுகும்.

சித்திரக்காரராக ஆவோர் நம்முட் சிலரே. ஆயினும் இப்பயிற்சி எல்லார்க்கும் உதவும். ஒருவன் எவ்வாறு குனிகின்றான், எவ்வாறு சுமக்கின்றான், எவ்வாறு களைத்து அமர்கின்றான் என்று உற்றுநோக்கி எழுதியவன் அவனை மீண்டும் காணாதவன் போலக் கடந்து செல்ல மாட்டான். ஹரிபுராச் சித்திரங்களில் செருப்புத் தைப்போரும் நெல் குற்றுவோரும் அரசர்க்குரிய கம்பீரத்துடன் விளங்குவதற்கு நந்தலால் அவர்களை அத்துணை காலம் மதிப்போடு பார்த்து வந்ததே காரணம். பரீக்ஷைகளிற் பலமுறை தோற்ற இளைஞர் ஒருவர், நாளுக்கொரு சிறு தாளால் ஒரு தேசத்தின் கண்ணைத் திறந்தார். அவர் வழியைப் பின்பற்ற விரும்புவோர்க்கு முதல் தாள் இன்றே கிடைக்கும்.